பலகையில் முப்பது நாள்

ஆரணியைச் சுற்றியுள்ள ஊர்களில் தமிழ்ச் சமணர்கள் நூற்றாண்டுகளாக வாழ்ந்துவருகிறார்கள். ஊருக்கு அருகே பூண்டியில் அவர்களுடைய பழைய அருகர் கோயில் இருக்கிறது. போளூர்ப் பக்கம் திருமலையில் பாறையில் செதுக்கப்பட்ட நேமிநாதர் சுமார் 16 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறார். அந்தச் சமணக் குடும்பமொன்றின் பெண்ணும் ஆரணியில் பட்டு நெய்யும் இந்துக் குடும்பத்துப் பையனும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் திருமண வயதை எட்டியிருந்தால் சட்டம் அவர்களைக் குறுக்கே நின்று மறிக்காது. 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் சமணர், பௌத்தர், சீக்கியர் எல்லோரையும் தன் வரம்புக்குள் வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் அச்சட்டத்தின் 7-அ பிரிவின்படி நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டாலே திருமணம் முடிந்துவிட்டது. அதே பையன் ஒரு முஸ்லிம் பெண்ணையோ கிறித்தவப் பெண்ணையோ விரும்பி, இருவரும் அவரவர் மதத்திலேயே இருந்துகொண்டு மணக்க நினைத்தால் கதை வேறு. 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி முன்கூட்டியே எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். பெயர், வயது, தொழில், இருப்பிடம் எல்லாம் கொண்ட அந்த அறிவிப்பு பதிவு அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டப்படும். முப்பது நாள் காத்திருக்க வேண்டும். ஆட்சேபம் இருப்பவர் யாராக இருந்தாலும் வரலாம்.

இந்த இரண்டு ஜோடிகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை நம்பிக்கையின் ஆழத்தால் விளக்க முடியாது. சமணத்துக்கும் சைவத்துக்கும் இடையே இருந்த பகையை விடக் கொடிய மதப்பகைக் கதை தமிழில் இல்லை. மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேறினர் என்று சைவ மரபே சொல்கிறது. அது நடந்ததா, பெருமைக்காகப் புனைந்ததா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். நடந்ததோ இல்லையோ, இரு மதங்களுக்கும் நடுவே இருந்த அந்த எல்லைக்கோட்டை இருபதாம் நூற்றாண்டின் ஒரு சட்டப்பிரிவு சத்தமில்லாமல் அழித்துவிட்டது. யாருடைய மதமும் அதனால் அழிந்துபோகவில்லை. எந்தக் கோடு அழியும், எந்தக் கோடு தடிக்கும் என்பதைப் பெரும்பாலும் மனிதர்களின் ஏற்பாடுகள்தான் தீர்மானிக்கின்றன. மதம் கடந்த காதலை இங்கே ஒடுக்குவது இறைநம்பிக்கை என்று சொல்வதைவிட, கண்காணிப்பு என்று சொல்வது பொருந்தும். உறவும் தெருவும் வேலை கொடுப்பவரும் வாடகைக்கு விடுபவரும் சேர்ந்து நடத்தும் அந்தக் கண்காணிப்பில் அரசும் ஒரு பங்காளியாக இருக்கிறது. அந்தப் பங்கிலிருந்து அரசு விலக வேண்டும் என்பதே இங்கே என் வாதம்.

இதற்கு ஆரணி போன்ற நெசவு ஊர் நல்ல சாட்சி. பட்டுச் சேலை நெய்வது ஓர் ஆளின் வேலை போலத் தெரியும். அது ஒரு வீட்டின் வேலை. தறியில் உட்காருபவர் ஒருவர் என்றால், அவருக்குத் தார் சுற்றித் தருவது மனைவியோ தாயோதான். நெடுக்கிழைகளான பாவைத் தெருவில் நீட்டும்போது அக்கம்பக்கத்தார் வந்து கை கொடுக்க வேண்டும். பழைய பாவு தீர்ந்ததும் புதுப் பாவின் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்க ஆள் தேவை. பட்டும் சரிகையும் முதலாளியிடமிருந்தோ கூட்டுறவுச் சங்கத்திலிருந்தோ வருகின்றன. கூலி சேலைக் கணக்கில் கிடைக்கிறது. கல்யாணத்துக்கும் வைத்தியத்துக்கும் முதலாளியிடம் அட்வான்ஸ் வாங்குவதும், அது தீரும்வரை அவருக்கே நெய்வதும் நெசவு ஊர்களின் பழைய வழக்கம். இப்படிப்பட்ட வீட்டில் வீடும் பட்டறையும் ஒன்றே. மருமகள் என்பவள் உறவு மட்டுமல்ல, வேலைக்கு வரும் இரண்டு கைகளும்தான். தறி ஊரைப் பற்றி எழுதும்போது பாவையும் ஊடையையும் மத நல்லிணக்கத்துக்கு உவமையாக்கும் ஆசை எவருக்கும் வரும். நான் அதைச் செய்யப்போவதில்லை. இந்தக் கதையில் தறிக்கு இருப்பது கடன் கணக்கின் வேலை. மகன் வேறு மதத்துப் பெண்ணை மணந்தால் அவன் வீட்டைவிட்டு வெளியேற வேண்டிவரும். வீட்டோடு தறி போகிறது, தறியோடு பாவு தரும் ஆள் போகிறார், கூலி போகிறது. உறவினர் பகைத்துக்கொண்டால் தெருவில் பாவு நீட்டக்கூட ஆள் வராது.

இதைச் சொல்லும்போது நெசவாளரை மட்டும் குறைசொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நிலமோ கடையோ பட்டறையோ, குடும்பம் பிழைப்போடு ஒட்டியிருக்கும் எந்தத் தொழிலிலும் இதுதான் நிலை. மதத்தை மீறுவதற்கான தண்டனை பொருளாதாரமாகவே வருகிறது. சட்டமும் இந்த இடத்தில் ஒரு விசித்திரம் செய்கிறது. கூட்டுக் குடும்பத்தில் இருக்கும் இந்து ஒருவர் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் வேறு மதத்தவரை மணந்தால், அந்தத் திருமணமே அவரைக் கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரித்துவிட்டதாகக் கருதப்படும் என்கிறது 19-ஆவது பிரிவு. அவருடைய சொத்துப் பங்கு பறிபோவதில்லை. அதற்குக் காப்பு இருக்கிறது. ஆனாலும் மணந்த அன்றே ‘நீ இந்த வீட்டு ஆள் இல்லை’ என்று அப்பா சொல்லும் வாக்கியத்தைச் சட்டப்புத்தகமும் வேறு மொழியில் சொல்லிவைத்திருக்கிறது.

இத்தகைய ஊரில் முப்பது நாள் அறிவிப்புக்கு என்ன பொருள்? பத்திரம் பதிய வருபவர், வில்லங்கச் சான்று கேட்டு வருபவர், அவரை அழைத்துவரும் எழுத்தர் என்று ஊரின் கால்வாசிப் பேர் வந்துபோகும் இடம் பதிவு அலுவலகம். அங்கே ஒட்டிய தாள் அன்று மாலைக்குள் இரண்டு வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். கைப்பேசிக் காலத்தில் மாலைவரைகூட ஆகாது. ஜோடியில் ஒருவர் வேறு மாவட்டத்தின் நிரந்தரக் குடியாக இருந்தால் அறிவிப்பின் நகல் அந்த மாவட்டத்துக்கும் அனுப்பப்பட்டு அங்கும் ஒட்டப்படும். ஊரைவிட்டுத் தப்பி வந்தவரைத் தேடி அறிவிப்பே அவர் ஊருக்குப் போகிறது. ஆட்சேபம் தெரிவிப்பவர் உறவினராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. ஆட்சேபத்துக்குரிய காரணங்கள் சட்டத்தில் நாலைந்துதான்: ஏற்கெனவே உயிரோடு துணை இருப்பது, வயது நிரம்பாதது, மனநலக் காரணங்கள், விலக்கப்பட்ட உறவுமுறை. ‘பெண் வேற்று மதம்’ என்பது அதில் இல்லை. ஆனால் அலுவலகத்துக்குள் செல்லாத காரணம் வெளியே தெருவில் செல்லுபடியாகும். கெட்ட எண்ணத்தோடு ஆட்சேபித்தவருக்கு அலுவலர் விதிக்கக்கூடிய அதிகபட்சத் தொகை எவ்வளவு தெரியுமா? 1954-இல் எழுதிய அதே ஆயிரம் ரூபாய். ஆரணிப் பட்டில் ஒரு முந்தானைகூட வாங்க முடியாத தொகை.

இந்த அறிவிப்பு எங்கிருந்து வந்தது என்பதும் கவனிக்கத்தக்கது. கேசவ் சந்திர சென் தலைமையிலான பிரம்ம சமாஜத்தாரின் கோரிக்கையால் 1872-இல் ஆங்கில அரசு முதல் சிறப்புத் திருமணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன்படி மணப்பவர்கள் தாங்கள் இந்துவும் அல்ல, முஸ்லிமும் அல்ல, கிறித்தவரும் அல்ல என்று பட்டியலிட்டு மறுத்து உறுதிகூற வேண்டும். ஹரி சிங் கௌர் முயன்று 1923-இல் கொண்டுவந்த திருத்தம் இந்து, பௌத்தர், சீக்கியர், சமணர் ஆகியோருக்குள் மதத்தைத் துறக்காமலே மணக்க வழிசெய்தது. எந்த மதத்தவரும் எந்த மதத்தவரையும் தன் மதத்தில் இருந்தபடியே மணக்கலாம் என்ற கதவு 1954-இல்தான் திறந்தது. அது பெரிய சாதனை, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் கதவைத் திறந்த கையே வாசலில் காவலையும் கூட்டியது. காலனி அரசின் சட்டத்தில் அறிவிப்புக் காலம் 14 நாள். சுதந்திர இந்தியாவின் சட்டத்தில் அது 30 நாள்.

மாறாக, இந்துக்களுக்குள் நடக்கும் திருமணங்களில் தமிழ்நாடு நேரெதிர்த் திசையில் நடந்தது. சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு தரும் 7-அ பிரிவு அண்ணா ஆட்சியில் 1967-இல் நிறைவேறி, 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. புரோகிதர் வேண்டாம், அக்கினி வேண்டாம், அறிவிப்பும் வேண்டாம். வழக்கறிஞர் அறையில் ரகசியமாக நடக்கும் சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2014-இல் சொன்னதை, 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. எதிர்ப்புக்கும் ஆபத்துக்கும் நடுவே மணக்கிறவர்களிடம் ஊரறியச் செய் என்று வற்புறுத்துவது அவர்கள் உயிரோடு விளையாடுவதாகும் என்பதே அத்தீர்ப்பின் சாரம். இந்தத் தர்க்கம் எனக்குச் சரியாகவே படுகிறது. அப்படியானால் கேள்வி இதுதான்: சாதி கடந்து மணப்பவர்களின் உயிருக்கு விளம்பரம் ஆபத்து என்றால், மதம் கடந்து மணப்பவர்களின் உயிருக்கு அதே விளம்பரம் எப்படிப் பாதுகாப்பாகும்? ஒரே மாநிலத்தில், ஒரே ஊரில், ஒரு ஜோடிக்கு ரகசியம் உரிமை. இன்னொரு ஜோடிக்கு அது குற்ற உணர்வோடு தேடவேண்டிய பொருள்.

இந்த வேறுபாட்டின் விளைவு ஒரு சுழலாக மாறியிருக்கிறது. அறிவிப்புக்குப் பயந்து ஜோடிகள் குறுக்குவழி தேடுகிறார்கள். இருவரில் ஒருவர் மதம் மாறினால் இந்து முறையிலோ இஸ்லாமிய முறையிலோ ஒரே நாளில் திருமணம் முடிந்துவிடும். அதாவது மதம் மாறாமல் மணக்க விரும்பியவரை, மதம் மாறி மணக்கும்படி சட்டமே தள்ளிவிடுகிறது. இது என் ஊகமல்ல. அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் 2021 ஜனவரியில் தீர்ப்பான சாஃபியா சுல்தானா வழக்கில், முஸ்லிம் பெண் இந்துவாக மாறி மணந்திருந்தார். முப்பது நாள் அறிவிப்பு தங்கள் அந்தரங்கத்தில் தலையிட்டு எதிர்ப்பைக் கிளப்பும் என்பதால்தான் சிறப்புத் திருமணச் சட்டத்தை நாடவில்லை என்று அவர்கள் தரப்பு நீதிமன்றத்தில் சொன்னது. ஜோடி விரும்பினால் மட்டுமே அறிவிப்பை வெளியிட வேண்டும் என்று அந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுழலின் அடுத்த பகுதி இன்னும் மோசமானது. அப்படி நடந்த மதமாற்றத்தைக் காட்டி, ‘பார்த்தீர்களா, காதல் என்பதே மதமாற்றத்துக்கான சூழ்ச்சி’ என்கிறது வெறுப்புப் பிரசாரம். ‘லவ் ஜிஹாத்’ என்ற சொல் இந்தச் சுழலில் விளைந்தது. நடப்பிலுள்ள சட்டங்களில் அப்படியொரு சொல்லுக்கு வரையறை இல்லை என்றும், மத்திய முகமைகள் எதுவும் அப்படியொரு வழக்கைத் தெரிவிக்கவில்லை என்றும் 2020 பிப்ரவரியில் மத்திய உள்துறை இணையமைச்சரே மக்களவையில் எழுத்துமூலம் பதிலளித்தார். அதே ஆண்டு நவம்பரில் உத்தரப் பிரதேசம், மதம் மாற நினைப்பவர் அறுபது நாள் முன்பே மாவட்ட நிர்வாகத்திடம் சொல்ல வேண்டும் என்று அவசரச் சட்டம் போட்டது. முப்பது நாள் அறுபது நாளானது. கேரளத்தில் பதிவுத் துறையின் இணையதளத்தில் வெளியான திருமண அறிவிப்புகளை எடுத்து, ‘லவ் ஜிஹாத்’ பட்டியல் என்று சமூக ஊடகத்தில் பரப்பினார்கள். 2020 ஜூலையில் அம்மாநில அரசு இணையத்தில் அறிவிப்புகளை வெளியிடுவதை நிறுத்தியது. அரசாங்கமே தொகுத்துக் கொடுத்த முகவரிகள் அவை.

நமக்கு நெருக்கமான ஹாதியா வழக்கையும் இங்கே நினைவுகூர வேண்டும். சேலத்தில் ஹோமியோபதி படித்த வைக்கத்துப் பெண் அவர். இஸ்லாத்தைத் தழுவி, தான் தேர்ந்தெடுத்தவரை மணந்தார். 2017 மே மாதம் கேரள உயர் நீதிமன்றம் அந்தத் திருமணத்தையே ரத்துசெய்து அவரைப் பெற்றோரிடம் அனுப்பியது. வயது வந்த, மருத்துவம் படித்த ஒரு பெண் பல மாதங்கள் பெற்றோர் வீட்டிலேயே அடைபட்டிருந்தார். உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 8 அன்று அந்தத் திருமணம் செல்லும் என்றது. அவர் செய்த தேர்வு நமக்குப் பிடித்திருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அதைச் செய்யும் உரிமை யாருடையது என்பதுதான் வழக்கு.

தப்பெண்ணம் ஓர் ஊரை என்ன செய்யும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். ஒருகாலத்தில் ஆரணியோடு ஒரே வட ஆற்காடு மாவட்டமாக இருந்த ஆம்பூர், இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. 2015-இல் பள்ளிகொண்டா பக்கத்துத் திருமணமான இந்துப் பெண் ஒருவரைக் காணவில்லை என்று புகார் வந்தது. அவரோடு பழகியவர் என்று ஆம்பூர் இளைஞர் ஷமில் அகமதுவைக் காவல்துறை விசாரணைக்கு அழைத்துச்சென்றது. பின்னர் அவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு ஜூன் 26 அன்று இறந்தார். காவலர்கள் சித்திரவதை செய்ததாகக் குடும்பத்தார் குற்றஞ்சாட்டினர். மறுநாள் ஆம்பூரில் கலவரம் வெடித்தது. காவலர்கள் பலர் காயமடைந்தனர், வாகனங்கள் கொளுத்தப்பட்டன, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மீது வழக்குப் பாய்ந்தது. சில நாள்களில் அந்தப் பெண் சென்னையில் உயிரோடும் நலமாகவும் கண்டுபிடிக்கப்பட்டார். அவர்களுக்குள் இருந்தது நட்பா, வேறெதுவுமா, ஒன்றுமேயில்லையா என்பது நமக்குத் தேவையற்ற கேள்வி. வயது வந்த பெண் ஒருவர் வீட்டைவிட்டுப் போனதை, அவரிடம் கேட்டறிய வேண்டிய செய்தியாக யாரும் பார்க்கவில்லை. வேறு மதத்து ஆணிடமிருந்து மீட்டெடுக்க வேண்டிய சொத்தாகவே அவர் ஆனார். அதன் விலை ஓர் உயிர், ஊரின் அமைதி, பிறகு ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேறிய குடும்பங்கள். கலவரம் செய்தவர்களின் வன்முறைக்கு இதில் மன்னிப்பு எதுவும் இல்லை. அதற்கு முந்தைய கண்ணியைப் பார்க்காமல் விட முடியாது என்று மட்டும் சொல்கிறேன்.

ஒரு பக்கத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் இந்த வாதம் நேர்மையாக இராது. டெல்லியில் 2018 பிப்ரவரியில் அங்கித் சக்சேனா என்ற இந்து இளைஞரை, அவர் விரும்பிய முஸ்லிம் பெண்ணின் குடும்பத்தார் கொன்றார்கள். 2022 மே மாதம் ஹைதராபாதில், முஸ்லிம் பெண்ணை மணந்த தலித் இளைஞர் ஒருவரைப் பெண்ணின் சகோதரர் நடுத்தெருவில் கொன்றார். பியூ ஆய்வு மையம் 2021-இல் வெளியிட்ட ஆய்வு சுமார் முப்பதாயிரம் இந்தியர்களிடம் கேட்டு எடுத்தது. தங்கள் சமயப் பெண்கள் வெளியே மணப்பதைத் தடுப்பது மிக முக்கியம் என்று இந்துக்களில் 67 விழுக்காட்டினரும் முஸ்லிம்களில் 80 விழுக்காட்டினரும் சொன்னார்கள். ஆனால் தென்னிந்தியாவில் இப்படிச் சொன்ன இந்துக்கள் 37 விழுக்காட்டினர் மட்டுமே. மத்திய இந்தியாவில் அது 82. ஒரே மதம், ஒரே கடவுளர், இரண்டு மடங்குக்கும் மேல் வேறுபாடு. இது மதத்தின் கட்டளையாக இருந்தால் ஊருக்கு ஊர் இப்படி மாறுமா? அதே ஆய்வில், மணமானவர்களில் 99 விழுக்காட்டினர் தம் மதத்துக்குள்தான் மணந்திருந்தார்கள். நூற்றில் ஒன்றைக்கூடத் தாண்டாத திருமணங்களுக்காக ஒரு நாடே பதறுகிறது. அங்கித்தின் தந்தை யஷ்பால் சக்சேனா தன் மகனின் கொலையை மதக் கலவரத்துக்கு விறகாக்க மறுத்தார். அந்த ஆண்டு ரமலானில் அண்டை வீட்டாருக்கு இப்தார் விருந்தளித்தார். கொன்றவர்கள் தண்டனை பெற வேண்டும் என்பதிலும் அவர் தளரவில்லை. இரண்டையும் ஒன்றாகச் செய்ய முடியும் என்பதற்கு அவரைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

எதிர்வாதங்களுக்கு வருவோம். அறிவிப்பு இல்லாவிட்டால் ஏமாற்றுக்காரர்கள் பெருகுவார்கள், ஏற்கெனவே மணமானவன் இன்னொரு பெண்ணைக் கெடுப்பான் என்பது முதல் வாதம். கவலை நியாயமானது, மருந்து தவறானது. இந்து திருமணச் சட்டத்தில் முன் அறிவிப்பே கிடையாது. அதனால் இரண்டாம் மணம் குற்றம் இல்லை என்றாகிவிடவில்லை. ஏமாற்றி மணந்தால் திருமணத்தை ரத்துசெய்யவும் வழியிருக்கிறது. சிறப்புத் திருமணச் சட்டத்திலும் அதே வழிகள் உண்டு. வயதுச் சான்று, முகவரிச் சான்று, முந்தைய மணம் பற்றிய உறுதிமொழி ஆகியவற்றை அலுவலர் தன் மேசையில் வைத்துச் சரிபார்க்கலாம். அதற்குச் சுவரில் தாள் ஒட்டத் தேவையில்லை. தவிரவும், கோயிலில் நாலு பேர் அறியத் தாலி கட்டி இரண்டாம் குடும்பம் நடத்தும் ஆண்களை இந்த ஊர்களில் எந்த அறிவிப்புப் பலகையும் தடுத்ததாகத் தெரியவில்லை.

இரண்டாவது வாதம் கனமானது. பெண்ணுக்காகவே பேசுவது அது. மதம் மாறி மணக்கும் பெண் தன் குடும்பத்தின் ஆதரவை இழக்கிறாள், புதிய வீட்டின் தனிச்சட்டத்துக்குள் போகிறாள், நாளை அவளைக் கைவிட்டால் போக்கிடம் இல்லை. எனவே பெற்றோரின் எதிர்ப்பை வெறுப்பு என்று எளிதாக முத்திரை குத்தாதீர்கள் என்கிறது. இதில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். பெற்றோரின் அச்சத்தில் பாசம் கலந்திருக்கிறது. அதை எள்ளுவது அறமாகாது. ஆனால் இந்த வாதம் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பாருங்கள். பெண்ணுக்கு ஒருதார உறுதியும், இருவருக்கும் ஒரே மாதிரியான மணவிலக்கு உரிமையும், பொதுவான வாரிசுரிமையும் தருவது சிறப்புத் திருமணச் சட்டம்தான். மகளின் நலனை உண்மையாகவே விரும்புகிறவர், அந்தச் சட்டத்தை எளிதாக்கு என்றுதான் கேட்க வேண்டும். அதைக் கடினமாக்கிவிட்டு, அதனால் வேறு வழியில் போன பெண்ணைப் பார்த்து வருந்துவதில் பொருளில்லை. அவளுக்குப் போக்கிடம் இல்லாமல் போவதும் தானாக நடப்பதில்லை. வாசற்கதவைச் சாத்துகிறவர்கள் நாம்தானே?

மூன்றாவது வாதத்தை ஆரணி போன்ற ஊர்களில் அடிக்கடி கேட்கலாம்: ‘இங்கே எல்லாரும் ஒற்றுமையாகத்தான் இருக்கிறோம், இதைக் கிளறாதீர்கள்.’ ஒற்றுமை இருக்கிறது என்பது மெய். பட்டுத் தொழிலே அதற்கு அத்தாட்சி. தமிழகத் தறிகளுக்கு வரும் பட்டு நூலில் கணிசமான பங்கு கர்நாடகத்தின் ராமநகரம், சிட்லகட்டா பகுதிகளிலிருந்து வருகிறது. அங்கே கூட்டிலிருந்து நூலெடுக்கும் தொழிலில் முஸ்லிம் குடும்பங்கள் பெருமளவில் இருக்கின்றன. சரிகை சூரத்திலிருந்து வருகிறது. இந்துத் திருமணத்தின் கூறைச்சேலை இத்தனை கைகளைத் தாண்டித்தான் மணமேடைக்கு வருகிறது. ஆக, கொடுக்கல் வாங்கலில் நமக்கு மதம் தடையில்லை. கொள்வினை கொடுப்பினையில்தான் தடை. அந்த ஒரு விஷயத்தில் யாரும் யாரிடமும் கேட்பதில்லை என்ற எழுதாத உடன்படிக்கைமேல் நம் நல்லிணக்கம் நிற்கிறது. இரண்டு இளைஞர்கள் அதை மீறினால் ஒரே வாரத்தில் ஆட்டம் கண்டுவிடும் அமைதி, எவ்வளவு உறுதியான அமைதி? சாதி ஒழிய உண்மையான மருந்து கலப்பு மணம்தான் என்று அம்பேத்கர் 1936-இல் வாதிட்டது இதே காரணத்துக்காக. சேர்ந்து உண்பதும் சேர்ந்து வணிகம் செய்வதும் போதாது, உறவாகும்போதுதான் அந்நியன் என்ற எண்ணம் போகும் என்றார். அவர் பேசியது சாதியைப் பற்றி. மதத்துக்கும் அது பொருந்தாது என்று சொல்ல எனக்குக் காரணம் தெரியவில்லை. சிறுபான்மைச் சமூகங்கள் கரைந்துபோகுமே என்ற அச்சம் தமிழ்ச் சமணர் போன்ற சிறு சமூகத்துக்கு உண்மையானது. தம் பிள்ளைகளிடம் பேசவும் வாதாடவும் மன்றாடவும் அவர்களுக்கு முழு உரிமை உண்டு. பூட்டிவைக்க இல்லை.

தமிழ்நாட்டு அரசால் என்ன செய்ய முடியும் என்பதற்கு முன்மாதிரி அதன் கையிலேயே இருக்கிறது. திருமணம் பொதுப்பட்டியலில் உள்ள பொருள். 1967-இல் மத்தியச் சட்டமான இந்து திருமணச் சட்டத்தில் இந்த மாநிலம் திருத்தம் செய்து குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் பெற்றது. சிறப்புத் திருமணச் சட்டத்திலும் அப்படியொரு திருத்தம் கோரலாம்: ஜோடி கேட்டாலொழிய அறிவிப்பை ஒட்டக் கூடாது, பிற மாவட்டத்துக்கு அனுப்பவும் கூடாது. மதமாற்றத் தடைச் சட்டத்தை 2002 அக்டோபரில் அவசரச் சட்டமாகக் கொண்டுவந்து, 2004 தேர்தல் தோல்விக்குப் பின் கைவிட்ட மாநிலம் இது. அச்சத்தின்மேல் எழுதும் சட்டங்கள் இங்கே நிலைக்கவில்லை என்பதை எல்லாக் கட்சிகளும் அறியும். நெல்லையில் 2025 ஜூலையில் கவின் என்ற இளைஞர் சாதி ஆணவத்தால் கொல்லப்பட்ட பிறகு, ஆணவக் கொலைகளைத் தடுக்கும் சட்டத்துக்குப் பரிந்துரை செய்ய ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாக அரசு அந்த ஆண்டு அக்டோபரில் அறிவித்தது. சாதியைப் போலவே மதத்தின் பெயரால் நடக்கும் மிரட்டலும் அந்தச் சட்டத்தின் வரையறைக்குள் வர வேண்டும். இல்லாவிட்டால், ஓர் ஊரின் இரண்டு ஜோடிகளில் ஒன்றுக்கு மட்டும் காவல் நிலையத்தில் நாற்காலி கிடைக்கும்.

இன்னொன்றும் உண்டு, அதைச் சட்டத்துறை யோசிக்காது, கைத்தறித் துறைதான் யோசிக்க வேண்டும். 2016-இல் சென்னை உயர் நீதிமன்றமும் 2018-இல் உச்ச நீதிமன்றமும் இத்தகைய ஜோடிகளுக்கு மாவட்டந்தோறும் தனிப் பிரிவு, பாதுகாப்பு என்றெல்லாம் சொல்லியிருக்கின்றன. பாதுகாப்பு இல்லத்தில் ஒருவர் சில வாரங்கள் இருக்கலாம். அதன்பிறகு அவர் பிழைக்க வேண்டும். வீட்டைவிட்டு வெளியேறிய நெசவாளருக்குத் தெரிந்த ஒரே தொழில் நெசவு. அவர் தறி அப்பா வீட்டில் நிற்கிறது, அவர் பெயரிலிருக்கும் அட்வான்ஸ் முதலாளியின் நோட்டில் நிற்கிறது. நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் அரசின் மேற்பார்வையில் இயங்குபவை. குடும்பம் கைவிட்ட உறுப்பினருக்குத் தனித்தறியும் பாவும் தருவதற்கும், அவருடைய மனைவியைத் தனி உறுப்பினராகச் சேர்ப்பதற்கும், ஊர் மாறினால் உறுப்பினர் கணக்கை அடுத்த ஊர்ச் சங்கத்துக்கு மாற்றிக்கொடுப்பதற்கும் துறையின் ஒரு சுற்றறிக்கை போதும்.